67 வயதில் குடும்பத்தோடு மலை நடை: வெங்கனா, கிரிண்டெல்வால்டா?

#1 பென்ஷன்பயணி, கோயம்புத்தூர்

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். ஆகஸ்ட் மாதம் நாங்கள் இருவரும் அங்கே போகிறோம். அங்கிருந்து எல்லோருமாகக் காரில் சுவிட்சர்லாந்து போய் ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு. மொத்தம் ஆறு பேர்: நான் (67), மனைவி (63), மகள், மாப்பிள்ளை, பேரன்கள் இருவர். பெரியவனுக்கு 13, சின்னவனுக்கு 7.

மகள் போட்டிருக்கும் திட்டத்தில் ஒரு நாள் யுங்ஃப்ராவ் சிகரப் பக்கம் ரயில், ஒரு நாள் லூசெர்ன், ஒரு நாள் சூரிச், ஒரு நாள் ரைன் அருவி. எல்லாமே வண்டியில் உட்கார்ந்து பார்க்கிற சமாச்சாரம். எனக்கு நடக்க வேண்டும். வங்கி வேலையில் வால்பாறை, கோத்தகிரி என்று மாற்றலாகி மலையிலேயே பாதி காலத்தைக் கழித்தவன். இப்போதும் காலையில் ரேஸ் கோர்ஸைச் சுற்றி வருகிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு, சர்க்கரை இல்லை. மனைவிக்கு வலது முட்டியில் தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது. சமதளத்தில் ஒரு மணி நேரம் தாராளமாக நடப்பாள், படி இறங்கும்போதுதான் முகம் சுளிப்பாள்.

எந்த ஊரில் தங்கலாம்? கிரிண்டெல்வால்ட், வெங்கன், மூரன் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். எந்தப் பாதைகள் எங்களுக்கு ஆகும்? ஐகர் சிகரத்தின் வடக்குச் சுவரை ஒட்டி ஒரு பாதை போகிறதாமே, அதன் மேல் ஒரு கண் இருக்கிறது.

"அங்கே போய் விழுந்தால் யார்ப்பா பார்க்கிறது?" என்று மகள் கேட்டாள். அதற்குப் பதில் தெரிந்தவர்களும் எழுதலாம்.


#2 குன்னூர்க்காரன்

சார், கோவையில் இருந்துகொண்டு மலை நடக்க சுவிஸ் வரை போகணுமா? மேட்டுப்பாளையம் தாண்டினால் மலைதானே. 2024 அக்டோபரில் வனத்துறை ஆரம்பித்த ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், இணையத்தில் பதிவு செய்துவிட்டால் வழிகாட்டியும் கூட வருவார். பேரன்களை இங்கே வரவழையுங்கள். ஆறு பேருக்கு அங்கே ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஆகிற காசில் இங்கே ஒரு வாரம் ராஜபோகமாக இருக்கலாம்.


#3 பென்ஷன்பயணி

தம்பி, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் பேரன்களுக்குப் பள்ளி விடுமுறை ஆகஸ்டில். அந்த நேரம் நம் மலையில் மழை கொட்டும், அட்டை வேறு. டிக்கெட்டும் எடுத்தாயிற்று. சுவிஸ் போவது முடிவான விஷயம், அங்கே போய் நடப்பதா உட்காருவதா என்பதில்தான் வீட்டில் சண்டை.


#4 ஆரெக்கரை, பேர்ன்

ஐயா, வணக்கம். நான் பேர்ன் மாநிலத்தில் கன காலமாக இருக்கிறேன். நீங்கள் கேட்கிற இடம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டுப் போய் வருகிற இடம். என்னுடைய அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அவவும் வருவா. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வயதான ஆக்களோடு போகும்போது நான் பாதையின் உயரத்தை முதலில் பார்ப்பதில்லை. நடுவில் களைத்துப் போனால் எந்த இடத்தில் வண்டி ஏறலாம் என்றுதான் பார்ப்பேன். இந்த ஊரில் அதற்கு வசதி இருக்கிறது. பல்சக்கர ரயில், கேபிள் கார், மஞ்சள் அஞ்சல் பஸ் எல்லாம் மலைக்கு மேலேயே நிற்கும். உங்கள் பிள்ளைகளின் பயத்துக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

உதாரணத்துக்கு க்ரூட்ஷால்ப்பில் இருந்து மூரன் வரை நடக்கிற பாதை. லவுட்டர்புருனனில் கேபிள் காரில் ஏறினால் க்ரூட்ஷால்ப், ஏறத்தாழ 1,490 மீட்டர். அங்கிருந்து மூரன் 1,640 மீட்டர் அளவில். நாலரை கிலோமீட்டர் தூரத்தில் 150 மீட்டர்தான் ஏற்றம். பாதையை ஒட்டியே சின்ன ரயில் ஒன்று ஓடும், நடுவில் வின்டரெக் என்று ஒரு நிறுத்தமும் அதில் ஒரு சாப்பாட்டுக் கடையும் உண்டு. அம்மா ஏலாது என்றால் அங்கே ரயில் ஏறுவா, நாங்கள் நடந்து போய் மூரனில் சந்திப்போம். எதிரே ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூன்றும் வரிசையாக நிற்கும். வடிவென்றால் அப்படி ஒரு வடிவு.

இரண்டாவது, லவுட்டர்புருனனில் இருந்து பள்ளத்தாக்கின் அடியிலேயே ஷ்டெஹல்பெர்க் பக்கம் நடப்பது. ஆறு கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதரை. இரு பக்கமும் செங்குத்துப் பாறை, அதில் ஷ்டவ்ப்பாஹ் அருவி ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருந்து விழும். சாலையில் பஸ் ஓடுகிறது, எந்த நிறுத்தத்திலும் ஏறலாம். மழை நாளில்கூடக் குடையோடு இதை நடக்கலாம். வழியில் பாறைக்குள்ளே விழுகிற ட்ரூமல்பாஹ் அருவி இருக்கிறது. உள்ளே லிப்ட் இருந்தாலும் ஈரப் படிகளும் உண்டு, உங்கள் மனைவி இறங்கும்போது கவனம்.

எங்கே தங்குவது என்றால், என் கணக்கில் வெங்கன். 1,270 மீட்டரில் இருக்கிறது. கார் போகாத ஊர், லவுட்டர்புருனன் ரயில் நிலையத்தோடு இருக்கிற கார் நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் கால் மணி நேரம் ஏற வேண்டும். சின்னவன் தெருவில் ஓடினாலும் பயமில்லை. ஊருக்குள்ளே இருந்தே மென்லிஹன் மேட்டுக்குக் கேபிள் கார் போகிறது. கிரிண்டெல்வால்ட் பெரிய ஊர், சாமான் வாங்க வசதி, ஆனால் ஆகஸ்டில் சனம் தாங்காது, தெருவே சரிவு. மூரன் எனக்கு மிகப் பிடித்த ஊர்தான், ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு நாளும் கீழே இறங்கி ஏறுவதில் நேரம் போய்விடும்.

ஸ்டுட்கார்ட்டில் இருந்து காரில் வருகிறீர்கள் என்றால் நெடுஞ்சாலை வில்லை (விக்னெட், சாலைக் கட்டணம் கட்டியதற்கான அடையாளம்) வாங்க மறக்க வேண்டாம். 40 ஃபிராங்க், ஒரு வருடத்துக்கானது மட்டும்தான் உண்டு.


#5 மருமகள்பார்வை, சென்னை

ஆரெக்கரை சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள் சார். நாங்கள் மாமனார் மாமியாரோடு அதே பள்ளத்தாக்கில் தங்கினோம். பாதையைப் பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் சமையலறையைப் பற்றிப் பேசுகிறேன்.

சமையலறை வைத்த விடுமுறை வீடு எடுப்பீர்கள். எடுக்கத்தான் வேண்டும், அங்கே ஆறு பேர் தினமும் ஹோட்டலில் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது. இந்த வீடுகளில் பல சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான் கிடைக்கும், இப்போதே தேடுங்கள். ஆனால் வீடு எடுத்ததும் என்ன ஆகும் தெரியுமா? காலையில் ஆறு பேருக்கு இட்லி இல்லாவிட்டால் உப்புமா, மதியத்துக்குக் கட்டுச்சோறு, ராத்திரிக்கு ரசம் சாதம். ஆண்களும் பிள்ளைகளும் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டு ஷூ லேஸ் கட்டும்போது இரண்டு பெண்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்பதரை மணிக்குக் கிளம்பி, பத்தரைக்கு மேலே போய், மதிய வெயிலில் நடந்து, மூன்று மணிக்கு இடியோடு மழையில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

நாங்கள் இரண்டாம் நாளே விதி போட்டோம். காலையில் ரொட்டி, சீஸ், பழம், பால். யாரும் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது, காபி மட்டும் விலக்கு. மதியத்துக்கு ராத்திரியே சப்பாத்தி சுருட்டி வைத்துவிடுவது. ராத்திரிச் சமையல் என் கணவர் பொறுப்பு. மாமியார் முதல் நாள் முணுமுணுத்தார், மூன்றாம் நாள் அவரே எட்டு மணிக்கு ஷூவோடு வாசலில் நின்றார்.

அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய் ஸ்டுட்கார்ட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.


#6 இயன்முறை, திருச்சி

முட்டித் தேய்மானம் என்றதும் உள்ளே வந்தேன். நான் பிசியோதெரபிஸ்ட்.

மலையில் ஏறுவது மூச்சுக்குச் சோதனை, இறங்குவது முட்டிக்குச் சோதனை. இறங்கும்போது தொடையின் முன் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதில் முட்டிச் சில்லுக்குப் பின்னால் விழுகிற அழுத்தம் உடல் எடையைப் போல் சில மடங்கு. நம் ஆட்கள் "ஏறுவதற்கு நடந்துவிட்டு இறங்கும்போது சுலபமாக இறங்கிவிடலாம்" என்று நினைக்கிறார்கள். அல்லது வண்டியில் ஏறிவிட்டு நடந்து இறங்குவார்கள். இரண்டுமே உங்கள் மனைவிக்கு ஆகாது. வண்டியில் ஏறி, மேலே சமமாக நடந்து, வண்டியில் இறங்க வேண்டும்.

இன்னும் சில மாதம் இருக்கிறது. ரேஸ் கோர்ஸ் சமதரை, அதை எத்தனை சுற்று சுற்றினாலும் இறக்கத்துக்கான தசை வராது. வீட்டில் ஒரே ஒரு படியில் நின்று, ஒரு காலை மெதுவாகக் கீழே இறக்கி, தரையைத் தொட்டதும் திரும்ப மேலே எடுங்கள். பத்துப் பத்தாக இரண்டு காலுக்கும், வாரத்தில் மூன்று நாள். வலித்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள், ஒரு பலகை போதும். இது இருவருக்குமே. உங்களுக்கு முட்டி வலி இல்லை என்பதால் தசை இருக்கிறது என்று அர்த்தமில்லை சார். எங்கள் மலைக்கோட்டையில் துள்ளி ஏறிவிட்டு மறுநாள் காலையில் கழிவறையில் உட்கார முடியாமல் வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டிய ஆண்கள்.

கைக்கோல் இரண்டு வேண்டும். ஒன்று போதாது. இறக்கத்தில் சற்று நீளமாக்கி முன்னால் ஊன்ற வேண்டும், முழங்கை செங்கோணத்துக்குக் கொஞ்சம் மேலே விரியும்படி.

புது ஷூ வாங்கினால் இப்போதே வாங்கிப் பழகுங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கக் கூடாது, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும்.


#7 கங்காரியா, மதுரை

ஆரெக்கரை சொன்ன "எந்த இடத்தில் வண்டி ஏறலாம்" என்பதற்கு எதிர் உதாரணம் நான் தருகிறேன். உத்தராகண்டில் பூக்களின் பள்ளத்தாக்குக்கு அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப் போனோம். கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஜீப், அதன்பின் கங்காரியா வரை பத்து கிலோமீட்டர் ஏற்றம், 3,000 மீட்டருக்கு மேல் போய்த்தான் படுக்கை. பள்ளத்தாக்குக்குள் தங்க அனுமதி கிடையாது, தினமும் போய்த் திரும்ப வேண்டும். வாழ்நாளில் பார்க்க வேண்டிய இடம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாதி வழியில் முடியவில்லை என்றால் கோவேறு கழுதை, இல்லையென்றால் ஒரு ஆள் முதுகில் கூடையில் உட்கார்ந்து போக வேண்டும். அப்பா அதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை, வீம்புக்கு நடந்தார். அந்த வீம்புதான் ஆபத்து. இருக்கையில் உட்கார்ந்து ரயிலில் போவதற்கு யாருக்கும் மானப் பிரச்சினை வராது பாருங்கள்.

சுவிஸ் எனக்குப் பிடிக்காத ஊர், எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்களுக்கு ஓட்டுப் போடுகிறேன்.


#8 படிக்கட்டு, பெங்களூரு

நான் உங்கள் மகள் பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"நீங்கள் முன்னால் போங்கள், நான் மெதுவாக வருகிறேன்" என்று என் அப்பா சொல்வார். மலையில் அதைவிடப் பயங்கரமான வாக்கியம் எனக்குத் தெரியாது. நாங்கள் முன்னால் போய்விடுவோம். அவர் எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் திரும்பினார் என்று யாருக்கும் தெரியாது. போனில் சார்ஜ் இருக்காது. உங்களுக்கு நடக்கிற ஆசை இருக்கலாம் சார், ஆனால் நீங்கள் காணாமல் போன அந்த முக்கால் மணி நேரம் உங்கள் மகளுக்கு எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பேரனைப் பார்ப்பாளா, உங்களைப் பார்ப்பாளா?

போவதென்றால் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போங்கள். தனியாக யாரும் திரும்பக் கூடாது. பிரிந்தால் இரண்டு இரண்டு பேராக. எந்த ஊரில், எந்தக் கடையில், எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று பிரியும் முன்பே முடிவாக வேண்டும்.

காப்பீடும் பாருங்கள். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதில்லை. மலை நடை அதில் சேருமா, எந்த உயரம் வரை, ஹெலிகாப்டர் மீட்புச் செலவு உண்டா, ஏற்கெனவே இருக்கிற ரத்த அழுத்தத்தைச் சாக்காகக் காட்டிக் கழித்துவிடுவார்களா, இந்த நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.


#9 பென்ஷன்பயணி

படிக்கட்டு தம்பி, கோபமெல்லாம் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாங்கள் முப்பது வருடம் உங்களை அருவியிலும் கடலிலும் ஆற்றிலும் இறக்கி, பயத்தை உள்ளே வைத்துக்கொண்டு சிரித்தோமே, இப்போது உங்கள் முறை வந்ததும் ஏன் எங்களை வண்டியிலேயே உட்கார வைக்கிறீர்கள்? முக்கால் மணி நேரக் கவலை என்கிறீர்கள். 13 வயதில் என் மகள் கோத்தகிரியில் தோழிகளோடு காத்தரின் அருவி பார்க்கப் போய் இருட்டிய பிறகு வந்தாள். அவளிடம் இன்னும் அந்தக் கணக்கு பாக்கி இருக்கிறது.

இரண்டு இரண்டு பேராக என்பது சரி. எடுத்துக்கொள்கிறேன்.


#10 பென்ஷன்பயணி

இவர் கணக்கிலிருந்து எழுதுவது அவர் மனைவி. என் முட்டியைப் பற்றி ஊரே பேசுகிறது, நானும் ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறேன்.

போன வருடம் ஒரு மலை ஊரில் என்னை ஒரு காபிக் கடையில் பெட்டி மாதிரி உட்கார வைத்துவிட்டு எல்லோரும் மேலே போனார்கள். "உனக்கு முட்டி வலிக்கும், நீ இங்கேயே இரு." யாரும் என்னைக் கேட்கவில்லை. இரண்டரை மணி நேரம், மொழி தெரியாத ஊரில், ஒரு கேக்கோடு. என்னை இழுத்துக்கொண்டு போவதும் வேண்டாம், இறக்கி வைத்துவிட்டுப் போவதும் வேண்டாம். நான் ஒரு மணி நேரம் நடப்பேன். என் ஒரு மணி நேரத்தை எனக்கு ஒரு நல்ல இடத்தில் கொடுங்கள். அதற்குமேல் நடக்கிறவர்கள் நடக்கட்டும், நான் சின்னவனோடு விளையாடுகிறேன்.

இயன்முறை தம்பி சொன்ன படிப் பயிற்சியை நேற்று ஆரம்பித்துவிட்டேன். இவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

மருமகள்பார்வைக்கு நன்றி. அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்பதை மகளுக்கு அனுப்பிவிட்டேன்.


#11 சீரகத்தண்ணீர், வேலூர்

பொது மருத்துவர். உங்களுக்கு மட்டுமல்ல, இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ரத்த அழுத்த மாத்திரை எது என்பது முக்கியம். நீர் பிரியும் மாத்திரை என்றால் வெயிலில் நடந்து வியர்த்துத் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். "ஓலால்" என்று முடிகிற மாத்திரைகள் இதயத் துடிப்பு ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அதனால் கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். பேச்சு வருகிறதா என்று பாருங்கள். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வேகமே உங்கள் வேகம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், கிளம்புமுன் உங்கள் மருத்துவரிடம் நடக்கப்போகிற தூரத்தையும் உயரத்தையும் சொல்லி ஒரு வார்த்தை கேளுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளைமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் நீண்ட நடையில் சர்க்கரை இறங்கிவிடக் கூடும். பாக்கெட்டில் குளுக்கோஸ், பையில் பிஸ்கட், கூட வருகிறவருக்கு அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும்.

யுங்ஃப்ராவ் ரயில் நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இரண்டு மூன்று மணி நேரம் இருந்துவிட்டு இறங்குகிற பெரும்பாலானவர்களுக்கு லேசான தலைவலியோடு போய்விடும். நெஞ்சு வலி உள்ளவர்கள், மூச்சிரைப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள் போக வேண்டாம். போகிறவர்கள் அங்கே படிகளில் ஓடாமல் இருந்தால் சரி. அன்றைக்கே வேறு நடையும் வைக்காதீர்கள்.

மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், மருந்துச் சீட்டோடு.


#12 ஆரெக்கரை

அம்மா எழுதியதை வாசித்துச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. அவவுக்கு ஒரு மணி நேரம் நல்ல இடத்தில் வேண்டும் என்றால், இதோ.

வெங்கனில் இருந்து கேபிள் காரில் ஏறினால் ஐந்தாறு நிமிடத்தில் மென்லிஹன், 2,225 மீட்டர். அங்கே சின்னவன் ஏறி விளையாடப் பெரிய மரப் பசு வைத்த விளையாட்டுத் திடல் இருக்கிறது. அங்கிருந்து க்ளைனே ஷைடெக் வரை நாலரை கிலோமீட்டர், அகலமான பாதை, மொத்தமே 170 மீட்டர் இறக்கம். பலகையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் எழுதியிருக்கும், நீங்கள் இரண்டேகால் வையுங்கள். இந்தப் பாதையில் நடுவில் ரயில் கிடையாது, அதை முன்பே தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். ஆனால் முடிகிற இடத்தில் ரயில் நிலையமும் சாப்பாடும் உண்டு. அம்மாவுக்கு நீளம் கூடுதல் என்றால் மென்லிஹனில் இருந்து அரை மணி நேரம் போய்ப் பார்த்துவிட்டு அதே பாதையில் திரும்பி, சின்னவனோடு விளையாட்டுத் திடலுக்கு வரலாம்.

பலகை என்றதும் ஞாபகம் வந்தது. மஞ்சள் பலகை எல்லோருக்குமான நடைபாதை. வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் கோடு மலைப்பாதை, அதில் செங்குத்தும் கல்லும் வரும், சறுக்காத ஷூ கட்டாயம். வெள்ளை–நீலம்–வெள்ளை கண்டால் திரும்பிவிடுங்கள், அது பனிப்பாறையும் கயிறும் தெரிந்த ஆக்களுக்கு. பலகையில் எழுதியிருக்கிற நேரம் சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் நடப்பவருடைய கணக்கு. படம் எடுப்பது, தண்ணீர் குடிப்பது, பேரனுக்கு மூத்திரம், ஒன்றும் அதில் சேராது.

இன்னொரு நாள் கிரிண்டெல்வால்டில் இருந்து ஃபிர்ஸ்ட் மேட்டுக்குக் கேபிள் காரில் ஏறி, அங்கிருந்து பாஹால்ப் ஏரி வரை நடை. போக மூன்று கிலோமீட்டர், 100 மீட்டர் ஏற்றம், வந்த வழியே திரும்பல். திரும்பி வருகிற பாதை என்பதால் எந்த இடத்திலும் "காணும், போதும்" என்று சொல்லி நின்றுவிடலாம். பெரிய பேரனுக்கு அங்கே கம்பியில் தொங்கிப் பறக்கிற விளையாட்டு இருக்கிறது.

மகள் கேட்ட கேள்விக்கு: ஆம்புலன்ஸ் 144, விமானமீட்பு ரெகா 1414, இரண்டையும் ஆறு பேர் போனிலும் பதிந்து வையுங்கள். மலையில் பெரும்பாலான இடத்தில் சிக்னல் இருக்கும்.

காசு விஷயம். எல்லோரும் பாதிக் கட்டண அட்டை எடுங்கள், ரயில், பஸ், கப்பல், பெரும்பாலான மலை ரயில் எல்லாவற்றிலும் பாதி. 16 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம், ஆனால் பெற்றோரில் ஒருவர் கூடவே பயணம் செய்ய வேண்டும். தாத்தா பாட்டியோடு தனியே ஏற்றிவிட்டால் செல்லாது, பிரிந்து போகும்போது இதைக் கவனியுங்கள்.

மகளின் யுங்ஃப்ராவ் நாளை முழுக்கத் தள்ளவும் வேண்டாம். தள்ளுபடி இல்லாமல் போய்வர 200 ஃபிராங்கைத் தாண்டும், அதனால் முதல் நாளே டிக்கெட் எடுத்துவிட்டு மேகத்துக்குள் போய் நிற்காதீர்கள். மேலே கேமரா வைத்து நேரலையாகக் காட்டுகிறார்கள். காலையில் எழும்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் எந்த மலைக்கும் வெளிக்கிடுவோம்.


#13 இயன்முறை

ஒரு சின்ன மறுப்பு. மென்லிஹன் பாதையை அம்மா எதிர்த்திசையில் நடந்தால் நல்லது. ஷைடெக்கில் ஆரம்பித்தால் அது ஏற்றமாகிவிடும், முட்டிக்குச் சுமை குறையும்.


#14 ஆரெக்கரை

நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் நாலரை கிலோமீட்டரில் 170 மீட்டர் என்பது கண்ணுக்கே தெரியாத சரிவு, ஒரு சில துண்டு தவிர. மென்லிஹனில் இருந்து வந்தால் மூன்று மலையும் முகத்துக்கு நேரே வரும், எதிர்த்திசையில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கைக்கோலோடு முகத்துக்கு நேரே பார்த்தபடி வரட்டும் என்பதே என் கட்சி.


#15 இயன்முறை

சரி, காட்சிக்காக விட்டுக்கொடுக்கிறேன். ஐகர் பாதைக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். சார் முதல் பதிவில் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே.


#16 ஆரெக்கரை

வேண்டுமென்றுதான் தள்ளிப் போட்டேன். ஐகர்க்லெட்ஷர் நிலையத்தில் இருந்து அல்பிக்லன் வரை ஆறு கிலோமீட்டர். 2,320 மீட்டரில் தொடங்கி 1,615இல் முடியும், அதாவது 700 மீட்டர் இறக்கம். வெள்ளை–சிவப்பு–வெள்ளை. வடக்குச் சுவரின் அடியிலேயே போகும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். நடுவில் விட்டுவிட வழியில்லை, கடைசிப் பகுதிதான் மிகச் செங்குத்து. மாப்பிள்ளைக்கும் பெரியவனுக்கும் அருமையான நாள். ஐயாவுக்கு அம்மாவை மாதிரி முட்டி வலி இல்லை, மலையும் பழக்கம், ஆனாலும் 700 மீட்டர் இறக்கம் ரேஸ் கோர்ஸில் கிடைக்காது.


#17 கங்காரியா

தலைகீழாக நடந்தால்? அல்பிக்லனில் ஆரம்பித்து மேலே.


#18 சீரகத்தண்ணீர்

அப்போது முட்டி தப்பிக்கும், 700 மீட்டர் ஏற்றம் இதயத்தின் தலையில் விழும். மாத்திரை எடுக்கிற 67 வயதுக்காரர் வெள்ளோட்டம் பார்க்காமல் அதில் இறங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கோவையில் இருக்கிறார், மருதமலைப் படிகளில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். மறுநாள் காலையில் முட்டி என்ன சொல்கிறது என்று எழுதட்டும்.


#19 பென்ஷன்பயணி

(இது நான்.) மருதமலை போய் வந்தேன். ஏறும்போது மூச்சு சரியாக இருந்தது, பேச்சும் வந்தது, சீரகத்தண்ணீர் சொன்னபடி சோதித்தேன். இறங்கியபின் அன்று ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. வீட்டில் ஒருத்தி சிரித்த சிரிப்பு இருக்கிறதே. படிப் பயிற்சி ஆரம்பித்தாயிற்று.

வெங்கனில் வீடு பார்த்து மகள் முன்பணம் கட்டிவிட்டாள், சனி முதல் சனி வரை. சூரிச்சும் ரைன் அருவியும் திட்டத்திலிருந்து போய்விட்டன, லூசெர்ன் மழை நாளுக்கு. யுங்ஃப்ராவ் இருக்கிறது, கேமரா பார்த்துவிட்டு. முதல் நடை பள்ளத்தாக்கின் அடியில், பஸ் ஓடுகிற பக்கம். அடுத்து க்ரூட்ஷால்ப், மென்லிஹன், பாஹால்ப் ஏரி. ஐகர் பாதை வாரத்தின் கடைசிப் பகுதியில். மாப்பிள்ளையும் பெரியவனும் நிச்சயம் போகிறார்கள். நான் போவதா என்பதை அதற்கு முந்தைய மூன்று நடைகளின் மறுநாள் காலை முடிவு செய்யும் என்று மகளிடம் எழுதியே கொடுத்துவிட்டேன். போகாவிட்டால் அல்பிக்லன் நிலையத்தில் நானும் மனைவியுமாகக் காத்திருப்போம். அவளே கேட்டுக்கொண்டது, யாரும் உட்கார வைக்கவில்லை.

கடைசியாக இரண்டு கேள்வி. கைக்கோலை இங்கிருந்து கொண்டு போவதா, அங்கே வாங்குவதா? அப்புறம், பாதையில் மாடு குறுக்கே நின்றால் என்ன செய்வது? வீட்டம்மாவுக்கு அந்தப் பயம் இருக்கிறது.


#20 ஆரெக்கரை

கைக்கோலை விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டிக்குள் வையுங்கள், மடக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. ஸ்டுட்கார்ட்டில் வாங்குவது இங்கே வாங்குவதைவிட மலிவு. வெங்கனிலும் கிரிண்டெல்வால்டிலும் விளையாட்டுச் சாமான் கடைகளில் வாடகைக்கும் கேட்கலாம்.

மாடு பாதையில் படுத்திருந்தால் சத்தம் போடாமல், கோலை ஆட்டாமல், மேல்பக்கமாகச் சுற்றி ஆறுதலாகப் போங்கள். கன்றோடு நிற்கிற மாடு என்றால் இன்னும் தள்ளி. சின்னவனைக் கன்றைத் தடவ விட வேண்டாம், அங்கே அடிபடுகிற ஆக்கள் கனபேர் அப்படித்தான். வேலிக் கதவைத் திறந்தால் பின்னால் மூடிவிட்டு வாருங்கள்.

பேர்ன் பக்கம் வந்தால் சொல்லுங்கள், அம்மா உங்கள் மனைவியோடு கதைக்க வேண்டும் என்கிறா.